ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: நட்பும் தன்னார்வப் பணியும், எதை எப்போது தொடங்குவது?

சென்னையிலிருந்து பரிமாற்ற மாணவனாக ஆகன் நகருக்கு ஒரு குளிர்கால செமஸ்டருக்குப் போனேன். முதுகலைக்கு மறுபடி அதே ஊர். அப்போது புதிதாக வருபவர்களுக்குத் துணை மாணவனாகவும் இருந்தேன். அந்த வேலைக்கு அங்கே ஆங்கிலத்தில் ‘படி’ (buddy) என்று பெயர். நம் ஊர்ப் படியைப் போலவே மிதித்து ஏறிப் போக உதவும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாகக் கலகலப்பாகப் பேசுகிறவர்கள்கூட டிசம்பரில் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதையும் செய்யாமல் இருக்கவில்லை, வரிசை மாற்றிச் செய்திருந்தார்கள். அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கி பிப்ரவரி தொடக்கத்தில் முடிகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழித்தால் கையில் இருப்பது சுமார் 15 வாரம். ஜெர்மனியில் பழக்கம் என்பது ஒரே ஆட்களை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், வாராவாரம் பார்த்துப் பார்த்து வருவது. ஐந்தாவது வாரத்தில் தொடங்கினால் அது கனிவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

1. விமானம் ஏறும் முன்

துணை மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகமோ, ‘இஎஸ்என்’ என்ற எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பின் உள்ளூர்க் கிளையோ இதை நடத்தும். பல இடங்களில் நீங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே கடைசித் தேதி முடிந்துவிடும். ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை.

தனிநபர் பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுங்கள். ‘ஹாஃப்ட்ஃப்ளிக்ட்’ என்பார்கள். நீங்கள் அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்தினால் அது ஈடு கட்டும். ஆண்டுக்குச் சில பத்து யூரோதான். விடுதிச் சாவி தொலைந்தால் அந்தக் கட்டடத்தின் பூட்டுகளையே மாற்றி, பில்லை உங்களிடம் தரலாம். சாவி தொலைவதும் காப்பீட்டில் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்துவிட்டுப் போனால் போதும், அடுத்த நிலையான ஏ2 என்றால் நிம்மதி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். தன்னார்வப் பணி நடக்கும் இடத்தில் அறுபது வயதுக்காரர் ஆங்கிலம் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

2. முதல் இரண்டு வாரம்: பதிவு, தபால் பெட்டி, அறிமுக வாரம்

வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இதுதான் ‘அன்மெல்டுங்’. கடவுச்சீட்டோடு, நீங்கள் குடிவந்ததாக வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு மாற்றாகாது. நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால் ஊரில் இருக்கும்போதே இணையத்தில் நேரம் பதிந்துவிடுங்கள்.

நண்பர்களைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். குழந்தைகளோடு தன்னார்வப் பணி செய்ய ஒரு நன்னடத்தைச் சான்று வேண்டும். அது பதிவு செய்த முகவரிக்குத் தபாலில்தான் வரும். வங்கி அட்டையும் காப்பீட்டு அட்டையும்கூடத் தபாலில்தான் வரும். பதிவு தாமதமானால் பின்னால் உள்ள எல்லாமே ஒவ்வொரு வாரமாகத் தள்ளிப்போகும்.

இன்னொன்றைப் பலரும் மறப்பார்கள்: தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் தேடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். என் நன்னடத்தைச் சான்று அப்படித்தான் ஒரு முறை போனது. மூன்று வாரம் வீண்.

அறிமுக வாரத்தில் ஊர் சுற்றல், பப், விளையாட்டு என்று தினமும் ஏதாவது இருக்கும். எல்லாவற்றுக்கும் போங்கள். ஆனால் அங்கே பழக்கமாகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல வந்த ஸ்பெயின்காரர்கள், இத்தாலிக்காரர்கள், கொரியாக்காரர்கள். உள்ளூர் மாணவர்களுக்கு அந்த வாரம் அங்கே வேலையே இல்லை. ‘ஜெர்மன்காரர்கள் ஒதுங்கியே இருக்கிறார்கள்’ என்ற முடிவுக்கு முதல் மாதத்திலேயே வந்துவிடாதீர்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் தாராளமாகச் சேருங்கள். நல்ல அரிசி எங்கே கிடைக்கும், யார் குக்கர் விற்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சனி, ஞாயிறு இரண்டையும் அந்தக் குழுவுக்கே கொடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

3. விடுதிச் சமையலறை

தினமும் பார்க்கிற ஆட்கள் இங்கேதான் இருக்கிறார்கள். முதல் நட்பும் முதல் சண்டையும் இங்கேதான் பிறக்கும்.

முதல் நாளே சுவரில் ‘புட்ஸ்ப்ளான்’ தொங்குகிறதா என்று பாருங்கள். யார் எந்த வாரம் சுத்தம் செய்வது என்ற பட்டியல் அது. உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் நீங்களாகப் போய் எழுதிவிடுங்கள். யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால், அவர்கள் சொல்லாமலே மனதில் கணக்கு வைத்திருப்பார்கள்.

அடுத்து தாளிப்பு. காய்ந்த மிளகாயும் கடுகும் எண்ணெயில் விழுந்ததும் புகை கிளம்பும். புகையை வெளியேற்ற நம் கை தானாகச் சமையலறைக் கதவைத் திறக்கும். அதுதான் தவறு. பல விடுதிகளில் நடைபாதையில் இருக்கும் புகை உணரி நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். கதவைத் திறந்தால் புகை அங்கே போகும், வண்டி வரும், வீண் அழைப்புக்கான பில்லும் வரலாம். கதவை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், புகைபோக்கியைப் போட்ட பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு ரசத்துக்காக நாற்பது பேரைக் குளிரில் நிற்கவைத்தவன் சொல்கிறேன்.

மூலையில் கிடக்கும் காலிப் பாட்டில்களைக் குப்பை என்று தூக்கி எறியாதீர்கள். அவற்றில் முன்பணம் இருக்கிறது: ஒரு முறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு வரும். அது அடுத்தவர் காசு.

இரவு 10 மணி முதல் காலை 6 வரை சத்தம் கூடாது, ஞாயிறு முழு நாளும் அமைதி நாள். ஞாயிறன்று துளை போடுவதும் கண்ணாடிப் பாட்டில்களைத் தொட்டியில் உடைபட எறிவதும் உறவைக் கெடுக்கும்.

சரி, நட்பு எப்படி வரும்? இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மாலை, தேதியும் நேரமும் எழுதிய தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டி, தோசை சுடுங்கள். ‘எப்போது வேண்டுமானாலும் வாங்க’ என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். ‘வியாழன், 19:00’ என்று எழுதினால் 18:58க்கு ஆள் நிற்பார்.

4. வாரம் ஒரு வகுப்பு: பல்கலைக்கழக விளையாட்டு

ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ‘ஹோக்ஷூல்ஷ்போர்ட்’ உண்டு. பூப்பந்து, பாறை ஏற்றம், நடனம், நீச்சல் என்று பட்டியல் நீளமாக இருக்கும். கட்டணம் குறைவு, செமஸ்டருக்கு ஒரு முறை செலுத்தினால் போதும்.

பதிவு ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நிமிடத்தில் திறக்கும். பிரபலமான வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள் என்பதால் கணக்கு அதற்குள் தயாராக இருக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஜோடி மாற்றி ஆடும் விளையாட்டாகப் பாருங்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு 15 வாரம் போனாலும் யாரிடமும் பேச வேண்டிய அவசியமே வராது. பூப்பந்திலோ நடனத்திலோ எதிரே ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும்.

‘ஃபெராயின்’ என்று சொல்லும் சங்கங்களும் ஊர் முழுக்க உண்டு: கூட்டுப்பாடல், சதுரங்கம், மலையேற்றம், கிரிக்கெட்கூட. அருமையான இடங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் விலகும் விதியைப் படியுங்கள். ஆண்டு இறுதியில் மட்டும்தான் விலகலாம், அதற்கும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்று பல சங்கங்களில் விதி இருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகும் சந்தாவுக்கு நினைவூட்டல் கடிதம் வாங்கியவர்கள் உண்டு. ‘ஆறு மாதம்தான் இருப்பேன், விருந்தினராக வரலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

5. தன்னார்வப் பணி: எதில் சேர்வது

இதற்கு ‘ஏரன்ஆம்ட்’ என்று பெயர். வாரம் இரண்டு, மூன்று மணி நேரம், சம்பளம் கிடையாது. புதியவர்கள் இதையும் ‘தன்னார்வச் சேவை ஆண்டு’ என்ற திட்டங்களையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். பின்னது பொதுவாக முழுநேரம், வழக்கமாக ஓராண்டு. பரிமாற்ற மாணவருக்கு அது ஒத்துவராது.

பணம் தருவதாகச் சொன்னால் அங்கேயே நின்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் பொதுவாக ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம் என்பது 2024 மார்ச் முதல் உள்ள வரம்பு. மணிக்கு இவ்வளவு என்று வாங்கினால் அது வேலை, இந்தக் கணக்கில் ஏறும். உங்கள் விசாவிலோ அனுமதி அட்டையோடு வரும் தாளிலோ எழுதியிருக்கும் நிபந்தனைதான் கடைசி வார்த்தை.

என் சிபாரிசு டாஃபெல். கடைகளில் விற்காமல் மிஞ்சிய நல்ல உணவைச் சேகரித்து, தரம் பிரித்து, வருமானம் குறைந்தவர்களுக்குச் சிறு தொகைக்கோ இலவசமாகவோ கொடுக்கும் அமைப்பு. நாடு முழுவதும் 900க்கு மேல் கிளைகள் உண்டு. காலையில் வேன் போய் எடுத்து வரும், முற்பகலில் பிரிப்பார்கள், பிற்பகலில் வழங்குவார்கள். பிரிக்கும் வேலைக்குப் பேச்சு குறைவு, கை அதிகம். மொழி அரைகுறையாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே பயன்படுவீர்கள். கூட வேலை செய்கிறவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது. உங்கள் தப்பான ஜெர்மனைப் பொறுமையாகக் கேட்டுத் திருத்த வேறு யாருக்கும் நேரம் இருக்காது. எனக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் உள்ளூர் நண்பருக்கு வயது 71.

நேரம் ஒத்துவராதவர்கள் ஃபுட்ஷேரிங்கைப் பார்க்கலாம். கடை மூடும் நேரத்தில் போய் மிஞ்சியதை எடுத்து வந்து பகிர்வது அவர்கள் முறை. இணையத்தில் ஒரு வினாடி வினா தேற வேண்டும், அனுபவம் உள்ளவரோடு மூன்று முறையாவது போய்ப் பழக வேண்டும். எந்திரவியல், மின்னியல் படிப்பவர்கள் ரிப்பேர் கஃபேயில் சேரலாம்; பழுதான டோஸ்டரை எதிரே வைத்துக்கொண்டால் பேச்சு தானாக வரும். ஆனால் அது பெரும்பாலும் மாதம் ஒரு முறைதான் என்பதால், அது ஒன்றையே நம்பினால் பழக்கம் வர நாளாகும்.

தீயணைப்புத் தன்னார்வலர் படையும், ‘டேஹாவே’ எனப்படும் பேரிடர் மீட்புப் படையும் எல்லோருக்கும் ஆசை காட்டும். அடிப்படைப் பயிற்சியே பல மாதம் எடுக்கும். ஒரு செமஸ்டரில் முடியாது. முதியோரைப் பார்த்துப் பேசப் போகும் பணிக்கு மொழி ஏ2-க்கு அடுத்த பி1 அளவாவது வேண்டும். பேச்சுத்துணைக்காக ஏங்குகிறவர் முன் போய் மௌனமாக உட்கார்ந்தால் இருவருக்கும் சங்கடம்.

6. கேட்பதும் காகிதங்களும்

வகுப்பு அட்டவணை உறுதியானதும், அதாவது இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கேளுங்கள். முன்னாலேயே செவ்வாய்க்கிழமை என்று ஒப்புக்கொண்டு, பிறகு செவ்வாயில் ஆய்வகம் விழுந்தால் முதல் பெயரே கெட்டுவிடும். எங்கே இடம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் நகரத்தின் தன்னார்வலர் மையத்தில் உட்கார்ந்து பேசலாம், ஆலோசனை இலவசம்.

மின்னஞ்சல் சிறியதாக இருக்கட்டும். பெயர், படிப்பு, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வர முடியும், ஜெர்மன் எந்த அளவு, எந்தத் தேதி வரை ஊரில் இருப்பீர்கள். கடைசி விஷயத்தை மறைக்கவே கூடாது. பிப்ரவரியில் போய்விடுவேன் என்றால் சேர்க்கமாட்டார்கள் என்று பயந்து மறைத்தவர்கள் உண்டு. தேதி தெரிந்தால் அவர்கள் பணிப் பட்டியலை அதற்கேற்பப் போடுவார்கள். தெரியாமல் ஆள் காணாமல் போனால் அடுத்து வரும் வெளிநாட்டு மாணவருக்கும் கதவு மூடும். ‘சமூக சேவையில் சிறு வயது முதலே ஆர்வம்’ என்ற பத்தி வேண்டாம். அவர்கள் தேடுவது வியாழன் 9 மணிக்கு வரும் ஆள்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் நேரில் போங்கள். அலுவலகத்தில் இருப்பவரும் தன்னார்வலராக இருக்கலாம், அஞ்சலை வாரம் ஒரு முறைதான் திறப்பார்.

காகிதங்கள் இரண்டு வகை. உணவைத் தொட்டு வேலை செய்தால், சுகாதார அலுவலகத்தின் தொற்றுத் தடுப்பு அறிவுறுத்தலை முடித்து வரும்படி உங்களிடம் கேட்கலாம். பல ஊர்களில் இணையத்திலேயே முடிக்கலாம். உங்களுக்கு அது தேவையா என்பதைக் கிளையிடமே கேளுங்கள். குழந்தைகளோடு வேலை என்றால் விரிவான நன்னடத்தைச் சான்று, ‘ஃபூருங்ஸ்சொய்க்னிஸ்’, வேண்டும். இதற்கு 13 யூரோ கட்டணம். தன்னார்வப் பணிக்கு என்று அமைப்பிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கட்டணம் இல்லை. கடிதம் முதலில், விண்ணப்பம் பிறகு. வரிசை மாறினால் காசும் போகும், அந்தக் கடிதம் இல்லாமல் விரிவான சான்றும் கிடைக்காது.

7. முதல் நாளும் அடுத்த வாரங்களும்

மூடிய ஷூ, அழுக்கானாலும் பரவாயில்லை என்ற உடை, ஒரு ஸ்வெட்டர். பிரிக்கும் அறைகள் குளிராக இருக்கும், கூடைகள் கனமாக இருக்கும். ஐந்து நிமிடம் முன்பே போங்கள். பத்து நிமிடம் தாமதமாகும் என்றால் அழைத்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தாமதமாக வருவதும் சொல்லாமல் வருவதும் அங்கே வேறு வேறு குற்றங்கள்.

டாஃபெலில் முதல் நாளே கற்க வேண்டியது இரண்டு வாசகங்கள். ‘மிண்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்’ என்றால் அந்தத் தேதி வரை தரம் குறையாது என்று பொருள். தேதி தாண்டினாலும் பார்த்து, முகர்ந்து, நன்றாக இருந்தால் கொடுக்கலாம். ‘ட்சு ஃபெர்பிராஉகென் பிஸ்’ என்றால் தேதி தாண்டியதும் தொட்டிக்குத்தான். அரைத்த இறைச்சி போன்றவற்றில் இது இருக்கும். இரண்டையும் குழப்பி ஒரு கூடைத் தயிரைக் குப்பையில் கொட்டியவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் கேளுங்கள். தெரியாமல் தலையாட்டுவதுதான் நம்மவர்களிடம் நான் அதிகம் பார்த்த பழக்கம். அங்கே தலையாட்டினால் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பொருட்கள் வழங்கும் இடத்தில் படம் எடுக்க வேண்டாம். வாங்க வந்தவர் முகம் ஒரு ரீலில் வந்தால் அது அவருக்கு அவமானம், உங்களுக்குச் சட்டச் சிக்கல். மிஞ்சிய உணவை எடுத்துப் போகலாமா என்பதற்கு ஒவ்வொரு கிளையிலும் ஒரு விதி இருக்கும்; யாராவது சொல்லும் வரை எதையும் பையில் போடாதீர்கள்.

பெரியவர்களை முதலில் ‘ஸீ’ என்று அழையுங்கள், நம் ‘நீங்கள்’ மாதிரி. ‘டூ’ சொல்லலாம் என்று அவர்களே சொல்வார்கள், அநேகமாக முதல் காபி இடைவேளையிலேயே. அந்த இடைவேளையை மட்டும் தவறவிடாதீர்கள். வேலை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்குப் பெயர்கள்கூடத் தெரிவதில்லை.

8. வீட்டுக்கு அழைத்தால்

நாலைந்து வாரத்துக்குப் பிறகு அழைப்பு வரும். ‘ஒரு நாள் வீட்டுக்கு வா’ என்பது இன்னும் அழைப்பு ஆகவில்லை. தேதி சொன்னால்தான் அழைப்பு. வாசலில் செருப்பைக் கழற்றவா என்று கேளுங்கள். பூவோ சாக்லேட்டோ ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கோ எடுத்துச் செல்லுங்கள். சைவம் என்றால் அழைத்த அன்றே சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் சொன்னால் சமைத்தவர் தவித்துப்போவார். ‘வேண்டாம்’ என்று ஒரு முறை சொன்னால் இரண்டாம் முறை உபசரிக்கமாட்டார்கள். பசித்தால் முதல் முறையே வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லக் கூடாது, துரதிர்ஷ்டம் என்று நினைப்பார்கள். உங்கள் பிறந்தநாள் என்றால் கேக்கை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மது குடிக்காதவர்கள் ‘ஆப்ஃபெல்ஷோர்லே’ என்று ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்ததைக் கேளுங்கள். யாரும் காரணம் விசாரிக்கமாட்டார்கள். குடிக்கும் முன் கோப்பைகளை இடிக்கும்போது எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

9. டிசம்பரை நவம்பரிலேயே யோசியுங்கள்

டிசம்பர் 20 வாக்கில் விடுதி காலியாகும். 24 மதியத்தோடு கடைகள் மூடினால் 25, 26 இரண்டும் விடுமுறை. தீபாவளியன்று தனியாக இருந்ததைவிட அந்த மூன்று நாட்கள் எனக்குக் கஷ்டமாக இருந்தன, ஏனென்றால் தீபாவளி அவர்களுக்கு வெறும் ஒரு வேலை நாள், இது ஊரே மூடிக்கிடக்கும் நாள்.

பெரும்பாலான பல்கலைக்கழக ஊர்களில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மாணவர் சமூகங்கள் இருக்கின்றன. எந்த மதத்தினரும் போகலாம். பண்டிகை நாட்களில் அங்கே ஏதாவது நடக்கிறதா என்று நவம்பரிலேயே கேட்டு வையுங்கள். டாஃபெலிலும் விடுமுறைக்கு முந்தைய வாரம் ஆள் தேவைப்படும்.

கோடை செமஸ்டரில் வருகிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல். ஹாம் நகரின் ஊன்ட்ராப் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, தேர்த் திருவிழா கோடையில் வரும். ஆகனிலிருந்து ஹாமுக்கு ‘ஆர்ஈ1’ வட்டார ரயில் நேராகப் போகிறது, ஏறக்குறைய மூன்று மணி நேரம். ரயிலிலிருந்து இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும்.

10. கிளம்பும் மாதம்

சான்றிதழைக் கடைசி நாளில் கேட்காதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி, என்ன வேலை என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் முன்பே கேளுங்கள். எழுதித் தருகிறவருக்கு வேலை குறைந்தால் சீக்கிரம் வரும்.

நகராட்சிப் பதிவை நீக்குவதைக் கிளம்பும் தேதிக்கு ஒரு வாரத்துக்கு முன்னாலிருந்து செய்யலாம். அந்தத் தாளை நகல் எடுத்து வையுங்கள். காப்பீடு, தொலைபேசி, சங்கச் சந்தா எல்லாவற்றையும் நிறுத்த அதைத்தான் கேட்பார்கள். வங்கிக் கணக்கைக் கடைசியாக மூடுங்கள். விடுதி முன்பணம் திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும், அதற்கு அந்தக் கணக்கு வேண்டும்.

டாஃபெலில் உங்கள் கடைசி வியாழனுக்கு ஒரு கேக் கொண்டுபோங்கள். குக்கரைத் தமிழ்க் குழுவில் அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடலாம். கதவை மூடிவிட்டுத் தாளிக்க வேண்டும் என்று மூடியில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள்.